டச்சு வீடு: மூன்றாம் அடுக்கு நின்றுவிட்டது

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வைன் ஸ்ட்ரீட்டும் ஹை ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில் 1676-இல் எழுந்த ஐந்தடுக்கு மரச்சட்ட வீடு அது. 1940 நவம்பர் 24 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்தது. எரிந்து மிச்சம் நின்றதையும் ஆபத்து என்று ராணுவத்தார் இழுத்துத் தள்ளிவிட்டார்கள். சர்க்கரை வணிகர் ராபர்ட் ஆல்ட்வொர்த் வாழ்ந்த செயின்ட் பீட்டர்ஸ் மாளிகையும் அதே இரவில் போனது. பழைய புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. அதனால்தான் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் டச்சு வீட்டின் மாதிரியை மரத்தில் செய்கிறேன்.

போன வாரம் மூன்றாம் அடுக்கின் மூலை சரிந்தது. பசைதான் காரணம் என்று நினைத்து இரண்டு நாள் போயிற்று. இந்த வகை வீடுகளில் தரையைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளின் நுனியைத் தெருப்பக்கம் நீட்டிவிட்டு, அதன்மேல் அடுத்த சுவரை ஏற்றுவார்கள். முனைவீடு என்றால் இரண்டு தெருப் பக்கமும் நீட்ட வேண்டும். கட்டைகளோ ஒரே திசையில்தான் ஓடும். அதற்காகத் தச்சர்கள் மூலையை நோக்கிக் குறுக்காக ஒரு கனத்த உத்திரம் போட்டார்கள். டிராகன் பீம் என்று பெயர். கட்டைகள் அதில் வந்து சேர்ந்து, பாதி ஒரு தெருவையும் பாதி மறு தெருவையும் பார்க்கும். நான் அதை வைக்கவே இல்லை! 6 மில்லிமீட்டர் கட்டையில் ஒன்று செதுக்கி, நுனியை மூலைத்தூணின் தலையில் உட்கார வைத்தேன். விரலால் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை.

மாதிரியின் மரத்துக்குச் சாயமேற்றக் கெட்டியான தேயிலைச் சாறு போதும்.

அப்புறம், இந்த வீட்டை ஹாலந்தில் செய்து, துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கப்பல் வெறும் கதைதான். ஆனால் துண்டு துண்டாக என்பது எல்லா மரச்சட்ட வீட்டுக்கும் பொருந்தும். பச்சை ஓக் மரத்தைத் தச்சுக்களத்திலேயே அறுத்து, துளையும் முளையும் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் ரோமன் எண் கீறிவிடுவார்கள். அந்த எண்கள் எல்லாம் நேர்க்கோடுகள், உளிக்குத் தோது. பிறகு பிரித்து, இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, மர ஆணி அடிப்பார்கள்.

நானும் அப்படியே செய்கிறேன். நாலாம் அடுக்கின் 34 துண்டுகளுக்கும் ஊசியால் எண் கீறி, தட்டில் வரிசையாக அடுக்கியாச்சு. மர ஆணிக்குப் பல்குச்சி. ஞாயிற்றுக்கிழமை நிறுத்தப் போகிறேன்.