மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்

"எல்லாரும் மன்னிச்சிடுன்னு சொல்றாங்க. என்னால முடியல. நான் கெட்டவளா?" ஓர் உளச்சிகிச்சையாளராக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே காயப்பட்டவர்கள். காயப்படுத்தியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். "பெத்தவர்தானே", "வயசாயிடுச்சு", "போனது போகட்டும்" என்று பட்டவரிடமே வந்து பேசுவார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் என்ரைட் 1985 முதல் மன்னிப்பை ஆராய்ந்து வருகிறார். அவர் வகுத்த நான்கு கட்டங்களில் முதலாவது, நடந்ததையும் அது மூட்டிய கோபத்தையும் வெளியே எடுத்துவைப்பது. மன்னிப்பதா வேண்டாமா என்ற முடிவே அதற்கு அப்புறம்தான். சுசான் ஃப்ரீட்மனும் அவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் குடும்பத்தாராலேயே பாலியல் வன்முறைக்கு ஆளான 12 பெண்கள் இருந்தார்கள். வாரம் ஒருமுறை தனித்தனியாகச் சந்தித்தும், மன்னிப்பு வரை வந்து சேர அவர்களுக்குச் சராசரியாக 14 மாதங்கள் பிடித்தன. அவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. பதினான்கு மாதங்கள்! நம் குடும்பங்களிலோ, அடுத்த விசேஷத்துக்குள் எல்லாம் சரியாகிவிட வேண்டும்.

என்னிடம் வரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). அப்பா குடித்துவிட்டு அடிப்பவர். இப்போது படுக்கையில். "மன்னிச்சிட்டேன் மேடம், அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றுதான் ஆரம்பித்தார். நான் அந்த நாட்களில் ஒரு மாலையை மட்டும் சொல்லச் சொன்னேன். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடி, விளக்கை அணைத்து, தூங்குவதுபோல் படுத்துக்கொள்வாராம். போர்வைக்குள் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. இதைச் சொல்லும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். முடிந்துபோன விஷயம் உடம்பை இப்படி இறுக்காது.

அதன்பின் பல வாரங்கள் அந்தக் கோபத்தோடுதான் இருந்தோம். அவசரப்படவில்லை. அப்பா ஏன் அப்படி ஆனார் என்ற கேள்வி ஒருநாள் அவர் வாயிலிருந்தே வந்தது. நான் கேட்டிருந்தால் அது அப்பாவுக்காக வக்காலத்து வாங்குவதாகவே அவர் காதில் விழுந்திருக்கும்.

எவரெட் வொர்த்திங்டன் என்ற உளவியலாளர் பிரித்துச் சொல்வது இங்கே உதவும். பழிவாங்க மாட்டேன் என்று முடிவெடுப்பது ஒன்று; உள்ளே கிடக்கும் கசப்பு மாறுவது இன்னொன்று. முடிவை ஒரே நாளில் எடுக்கலாம், கசப்பு தன் வேகத்தில்தான் போகும். உறவைத் திரும்பச் சேர்ப்பது இவை இரண்டிலும் அடங்காது. அதற்கு எதிராளியும் மாற வேண்டும், நம்பும்படி நடந்துகொள்ள வேண்டும். மன்னித்த பிறகும் தள்ளி இருக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. இன்னும் அடி விழுந்துகொண்டிருக்கும் வீடு என்றால், மன்னிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். முதலில் பாதுகாப்பு.

அந்தப் பெண் இப்போது அப்பாவின் மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்கிறார். போய்ப் பார்க்கிறார், ஆனால் இரவு தங்குவதில்லை. மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. "இன்னும் அதையே பிடிச்சுட்டு இருக்கியா?" என்று அண்ணன் மட்டும் விடாமல் கேட்கிறாராம். விருப்பமிருந்தால் அவரையும் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன். அவரும் அதே வீட்டில் வளர்ந்தவர்தானே, அவரிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.