ஆட்கள் போய்க்கொண்டிருக்கும் சபையை நடத்துவது

கொழும்பில் நாற்பது ஐம்பது பேர் கூடும் தமிழ்க் கிறிஸ்தவ சபையில், இன்று கீபோட் வாசிக்கிற தம்பி அடுத்த வருடமும் இருப்பார் என்று சொல்ல முடியாது. மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்தவர்கள், வடக்கு கிழக்கிலிருந்து படிக்க வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கும் பிள்ளைகள், விசாவுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் என்று பலரும் வந்து போகிறவர்களே. இதைத் தன் ஊழியத்தின் தோல்வியாக எடுத்து மனமுடையும் போதகர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. போகிறவர்களை ஜெபித்து அனுப்புவோம். ஆனால் எந்தப் பொறுப்பையும் ஒரே ஆள் கையில் விட்டுவைக்கக் கூடாது.

முதலில் காசு. காணிக்கையைப் போதகர் எண்ணவே கூடாது. ஒரே குடும்பத்தைச் சேராத இருவர், ஆராதனை முடிந்ததும் மண்டபத்திலேயே இருந்து எண்ண வேண்டும். 5,000, 1,000, 500 என்று தாள்வாரியாகத் துண்டில் எழுதி இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். தசமபாக (வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை) உறையில் எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் ஒத்துவராவிட்டால், உறையிலேயே குறித்து அன்றே உரியவரிடம் கேளுங்கள். பிந்தினால் சந்தேகம் முளைக்கும். திங்கட்கிழமை முழுத்தொகையும் வங்கிக்குப் போக வேண்டும். இடையில் ஓட்டோக் காசுக்கென்று எடுத்தால்கூட, துண்டும் வைப்புச் சிட்டையும் பொருந்தாது.

வங்கிக் கணக்கில் மூவர் பெயர் இருந்து, எவரேனும் இருவரின் கையெழுத்து போதும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மூவரில் ஒருவர் கனடாவுக்குப் போய், இன்னொருவர் சுகமில்லாமல் படுத்துவிட்டால் வாடகைக்கும் காசு எடுக்க வழியில்லை. பயணம் உறுதியானதுமே குழுவைக் கூட்டி, தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதி, புதியவரின் அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய்விடுங்கள். போகிறவர் கையெழுத்து வைக்க இங்கே இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை இது.

சித்திரைப் புத்தாண்டுக்கும் டிசம்பர் கடைசியிலும் ஆட்கள் ஊருக்குப் போவார்கள். காணிக்கை குறையும், வாடகை குறையாது. மூன்று மாத வாடகை தொடாமல் இருக்க வேண்டும். வாடகை 40,000 ரூபா என்றால் 120,000. மாதம் 5,000 ஒதுக்கினால் சேர இரண்டு வருடம் ஆகும். அதனால் நல்ல மாதங்களிலேயே கூடுதலாகப் போட்டுவையுங்கள்.

மாடி மண்டபம் என்றால் பேஸ் சத்தம் தரை வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும். ஸ்பீக்கரைத் தரையிலும் சுவர் மூலையிலும் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பாட்டு நடக்கும்போது ஒருவர் தெருவுக்கு இறங்கிக் கேட்டுவிட்டு வரட்டும். வீட்டுக்காரரின் முறைப்பாடு வருமுன் அது தெரிய வேண்டும்.

சிங்களத்தில் வரிக்கு வரி மொழிபெயர்ப்பதாயிருந்தால் 20 நிமிடப் பிரசங்கம் 40 நிமிடம் ஆகும். பாதியாகக் குறைத்து எழுதி, வேத வசனங்களைச் சனிக்கிழமையே மொழிபெயர்ப்பவருக்கு அனுப்புங்கள்.

பொறுப்பைக் கைமாற்ற நான்கு ஞாயிறு வேண்டும். முதல் இரண்டில் புதியவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். மூன்றாவதில் அவர் செய்ய, பழையவர் பக்கத்தில் இருப்பார். நான்காவதில் பழையவர் சபையாரோடு கீழே உட்கார்ந்து ஆராதிக்கட்டும். ஞாயிறு பாடசாலை ஆசிரியைக்கு அதோடு பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் தொலைபேசி எண், யார் வந்து கூட்டிப்போகலாம் என்ற விபரம் எழுதிய கொப்பியும் கைமாற வேண்டும்.