இரண்டு நாள் வகுப்பும் ஒன்பது மாத நோட்டும்

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். திருப்பூரில் நான் கணக்கு எழுதும் பனியன் கம்பெனியில், மேசை டிராயரைப் பாதி திறந்து வைத்து அதற்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்சிட் போலை நம்பி முந்தைய நாள் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263-ல் முடிந்திருந்தது. சந்தை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நானும், நிஃப்டி ஏறினால் லாபம் தரும் கால் ஆப்ஷன் நாலு லாட் வாங்கினேன். லாட் என்பது ஒரே கட்டாக வாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு; அப்போது ஒரு லாட் என்றால் 25. போட்டது ஏறக்குறைய 30,000 ரூபாய். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும்போது அதில் 3,000 கூட மிச்சமில்லை. அன்று நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. வெள்ளிக்கிழமையே பழைய உயரத்தைத் தொட்டுவிட்டது, ஆனால் என் ஆப்ஷனுக்கு வியாழனே எக்ஸ்பைரி, அதாவது காலாவதி நாள். "ஏறும்" என்று நான் நினைத்தது சரிதான். பணம் போனது போனதுதான்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த இரண்டு நாள் டிரேடிங் வகுப்புக்கு 25,000 ரூபாய் கட்டியிருந்தேன். கேண்டில், சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ், ஆர்எஸ்ஐ என்று விலைப் படத்தைப் படிக்கும் வழியெல்லாம் சொல்லித் தந்தார்கள். சொல்லித் தந்த எதுவும் பொய்யில்லை. ஆனால் கையில் இரண்டு லட்சம் இருப்பவன் ஒரு டிரேடில் எவ்வளவு இழக்கலாம் என்ற கேள்வி அந்த இரண்டு நாளில் ஒருமுறைகூட வரவில்லை. பயிற்சி கொடுத்தவர் தன்னுடைய ஒரு வருடக் கணக்கைக் காட்டவும் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. இன்று நினைத்தால் எனக்கு மனசு ஆறாதது இதுதான். தினமும் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்கூட எழுதாதவன் நான்.

ஏப்ரலில் தொடங்கும்போதே ஒரு நீள நோட்டு போட்டேன். தேதி, என்ன வாங்கினேன், ஏன் வாங்கினேன், எங்கே வெளியே வந்தேன், புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் பிடித்த செலவு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. டிசம்பர் வரை 143 டிரேடு. நஷ்டம் 1,12,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் வெறும் புரோக்கரேஜும் வரியும். "ஏன் வாங்கினேன்" பத்தியைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. முதல் மாதம் நாலு வரி இருந்த இடத்தில், ஜூன் 4-க்குப் பிறகு "விட்டதைப் பிடிக்க" என்று மட்டும் இருந்தது. அதுவும் பதினேழு இடத்தில்.

செப்டம்பரில், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் ஆய்வு வந்தது. 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர், ஆப்ஷன் டிரேடிங்கில்) இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவெல்லாம் சேர்த்து ஆளுக்குச் சராசரி இரண்டு லட்சம். ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். அடுத்தடுத்த ஆண்டுகளில் நஷ்டப்பட்டும் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் நிறுத்தவில்லை என்ற வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். "என்னங்க, எவ்வளவு போச்சு?" என்று மனைவி கேட்டாள். அன்றுதான் முழுத்தொகையையும் சொன்னேன். "இனிமே நோட்டை எங்கிட்டயும் காட்டுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்படியானால் புதியவனுக்கு இதைக் கற்றுத்தரவே முடியாதா? இதற்குப் பதில் தேடியபோதுதான் சிகாகோவின் ரிச்சர்ட் டென்னிஸைப் பற்றி வாசித்தேன். டிரேடிங்கைச் சொல்லித் தர முடியும் என்று அவர் சொன்னார். முடியாது என்றார் அவருடைய கூட்டாளி வில்லியம் எக்கார்ட். 1983-ல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆட்களை எடுத்து, இரண்டே வாரம் பயிற்சி தந்தார்கள். 'ஆமைகள்' என்று பெயர். பலர் நன்றாகச் சம்பாதித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜெர்ரி பார்க்கர் அதற்கு முன் என்னைப்போல் கணக்குப் பார்த்தவர். படித்ததும் எனக்கு மறுபடியும் ஆசை வந்தது.

விதிகள் எளியவை. 20 நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்கு, 20 நாள் அடிமட்டத்தை உடைத்தால் விற்றுவை. சந்தை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு அசைகிறதோ, அந்த அசைவு உன் மூலதனத்தில் 1 சதவீதத்தைத் தாண்டாத அளவுக்கு மட்டும் வாங்கு. அதைப்போல் இரு மடங்கு எதிராகப் போனால் வெளியே வா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை நிஃப்டி ஃபியூச்சருக்கு, அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தத்துக்கு, போட்டுப் பார்த்தேன். லாட் அதற்குள் 75 ஆகியிருந்தது. ஒரு நாள் அசைவை 200 புள்ளி என்று வைத்தேன். 200 பெருக்கல் 75, 15,000 ரூபாய். அது 1 சதவீதம் என்றால் மூலதனம் 15 லட்சம் வேண்டும். ஒரே ஒரு லாட்டுக்கு! என்னிடம் மிச்சமிருந்தது 88,000.

அந்த ஆமைகள் டிரேடு செய்தது டென்னிஸின் பணத்தில். தொடர்ந்து பத்து டிரேடு தோற்றாலும் அவர்கள் வீட்டு வாடகை நிற்காது. பக்கத்து மேசைக்காரரும் அதே விதியில் அதே நஷ்டத்தை வாங்கிக்கொண்டிருப்பார். வகுப்பில் விற்கிறவர்கள் விதியைத்தான் விற்கிறார்கள். அந்த மூலதனமும் அந்தச் சூழலும் கூடவே வருவதில்லை. என் பதில் இதுதான்: தொழிலைக் கற்றுத்தரலாம், ஆனால் சம்பளத்தில் மிச்சம் பிடித்த இரண்டு லட்சத்தையும் வார எக்ஸ்பைரியையும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய யாராலும் கற்றுத்தர முடியாது என்றே நம்புகிறேன்.

டிசம்பரோடு நிறுத்தினேன். வரி விஷயம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் கோட்டை விடுகிறார்கள். எஃப் அண்ட் ஓ நஷ்டம் தொழில் நஷ்டம். வருமான வரிப் படிவம் ஐடிஆர்-3-ல் காட்ட வேண்டும். சம்பளத்தில் கழிக்க முடியாது. கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் பின்னால் வரும் தொழில் லாபத்தில் கழிக்க எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம். நஷ்டம்தானே என்று விட்டால் அந்த உரிமையும் போய்விடும். ஆடிட்டர் கேட்ட விவரமெல்லாம் என் நோட்டிலேயே இருந்தது.

போன மாதம் தங்கை மகன் ஒரு வகுப்பு நோட்டீஸோடு வந்தான். 40,000 ரூபாய். "மாமா, கட்டலாமா?" என்றான். நான் கட்டாதே என்று சொல்லவில்லை. என் நோட்டைக் கொடுத்து, கடைசிப் பக்கத்துப் பெருக்கலை அவனையே இன்னொரு முறை போடச் சொன்னேன். செபி இலவசமாக நடத்தும் முதலீட்டாளர் தேர்வுக்குப் படிக்கச் சொன்னேன். பிறகு ஆறு மாதம் பணம் போடாமல் பேப்பரில் மட்டும் டிரேடு, "ஏன் வாங்கினேன்" பத்தியோடு. இது ஐந்தாவது வாரம். ஞாயிறு காலையில் புது நோட்டோடு வருகிறான், காபி ஆறிப்போகும்வரை உட்கார்ந்து அந்தப் பத்தியை மட்டும் இருவரும் படிக்கிறோம்.