பீட்டா எச்சிஜி வைவாவில் நான் மாட்டிக்கொண்ட இடம்

முதுநிலை உயிர்வேதியியலில் என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது பீட்டா எச்சிஜி, அதாவது கர்ப்பத்திலும் சில கட்டிகளிலும் சுரக்கும் ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை. ஒரே ரத்த மாதிரியை இரண்டு கம்பெனி மெஷின்களில் ஓட்டி, முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். கோரிலேஷன் (இரண்டு முடிவுகளும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு; உச்சம் ஒன்று) ஒன்றை ஒட்டி வந்ததும், முதல் ஸ்லைடிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிட்டேன்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளித்தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரு மெஷின் எப்பவும் ரெண்டு மடங்கு காட்டினா உன் கோரிலேஷன் எவ்வளவு வரும்?" என்றார். அப்போதும் ஒன்றுதான் வரும். எனக்கு வாய் வரவில்லை.

புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986லேயே லான்செட் மருத்துவ இதழில் இதைத்தான் எழுதினார்கள். இரண்டு முடிவுகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிரே புள்ளியிடுங்கள். எந்த மெஷின் எங்கே ஏற்றிக் காட்டுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எச்சிஜி ஒற்றை இலக்கத்திலிருந்து லட்சம் வரை போகும் என்பதால் வித்தியாசத்தைச் சதவீதமாகப் போடுவது நல்லது. மாதிரிகள் 40க்குக் குறைய வேண்டாம். அதைவிட முக்கியம், அவை எல்லா அளவுகளிலும் பரவியிருக்க வேண்டும். நான் கர்ப்பிணிகளிடம் மட்டுமே எடுத்தேன். கட்டி சிகிச்சைக்குப் பின் பார்க்கும் 5 யூனிட்டை ஒட்டிய அளவில் என்னிடம் மாதிரியே இல்லை.

சரி, இரண்டு மெஷின்களின் கிட்டும் (பரிசோதனைக்கான ரசாயனத் தொகுப்பு) உலக சுகாதார நிறுவனத்தின் தர மாதிரியை வைத்தே அளவு திருத்தப்பட்டும் ஏன் வேறுபடுகின்றன? எச்சிஜி ஒரே மூலக்கூறு அல்ல. முழு ஹார்மோன், தனி பீட்டா (ஹார்மோனின் இரண்டு பகுதிகளில் ஒன்று மட்டும்), உடைபட்டது, சர்க்கரை கூடுதலாக ஏறியது எனப் பல வடிவங்களில் ரத்தத்தில் திரிகிறது. எந்தக் கிட்டின் ஆன்டிபாடி (ஹார்மோனில் போய் ஒட்டும் புரதம்) எதைப் பிடிக்கும் என்பதில்தான் வித்தியாசம். சாதாரண கர்ப்பத்தில் இது பெரிதாக இடிக்காது. சில விரைக் கட்டிகள் தனி பீட்டாவையே அதிகம் சுரக்கும். அதைப் பிடிக்காத கிட், கட்டி இருந்தும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். நோயாளியைத் தொடர்ந்து ஒரே முறையில் பார்க்கச் சொல்வது இதனால்தான். கிட்டோடு வரும் தாளை வரி விடாமல் படியுங்கள். நான் படிக்கவில்லை.

வைவாவில் ஹூக் விளைவு பற்றிய கேள்வி கட்டாயம் வரும். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் (நஞ்சுக்கொடித் திசு அசாதாரணமாகப் பெருகும் கர்ப்பம்) ஹார்மோன் அளவு மிஞ்சிப்போய், ஒரே மூலக்கூறை இரு பக்கமும் சேர்ந்து பிடிக்க வேண்டிய கிட்டின் இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனியே நிரம்பி, முடிவு பொய்யாகக் குறைந்து வரும். மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்ட வேண்டும்.

கடைசியாக, ரத்தத்தில் பாசிட்டிவ், சிறுநீரில் நெகட்டிவ், கர்ப்பமும் இல்லை, ஏன் என்றார் வெளித்தேர்வாளர். கிட்டின் ஆன்டிபாடிகளோடு ஒட்டிக் குறுக்கிட்டுப் பொய் பாசிட்டிவ் தரும், நோயாளியின் ரத்தத்திலுள்ள ஹெட்டரோஃபைல் ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, சிறுநீரகம் அதை வெளியே விடாது என்றேன். அந்த ஒரு பதிலில்தான் தப்பித்தேன்.