பின்னால் இடிபட்ட காருக்கு இன்சூரன்ஸ் பணம் எப்படி வருகிறது?

சிக்னலில் நிற்கிற காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்தால், தப்பு யாருடையது என்பதில் பெரும்பாலும் சண்டையே வராது. இறங்கி வருபவரே “சாரி சார், பிரேக் பிடிக்கல” என்பார். சிக்கல் அதற்கு அப்புறம்தான். தப்பு அவருடையது என்பதால் அவருடைய இன்சூரன்ஸிலிருந்து பணம் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி வராது.

இருப்பது இரண்டு வழி. ஒன்று, உங்கள் பாலிசியின் சொந்தச் சேதப் பகுதி. ஓ.டி. என்பார்கள். இன்னொன்று, இடித்தவரின் தேர்ட் பார்ட்டி பாலிசி, அதாவது அவர் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது. ஓ.டி. சில வாரங்களில் முடியும், ஆனால் முழுத் தொகை வராது. தேர்ட் பார்ட்டி வழியில் முழுத் தொகையும் கேட்கலாம். ஆனால் அது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழக்கு, வருடக்கணக்கில் இழுக்கும். எதில் போவது என்று நிதானமாக முடிவு செய்யலாம். இரண்டுக்கும் வேண்டிய ஆதாரம் மட்டும் ரோட்டில், அந்த முதல் அரை மணி நேரத்தில்தான் கிடைக்கும்.

யாருக்கும் பெரிய அடி இல்லை, நிற்பது ஆபத்தும் இல்லை என்றால், வண்டியை ஓரங்கட்டும் முன் இருபது அடி தள்ளி நின்று இரண்டு வண்டியும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். சாலைக் கோடு, சிக்னல் கம்பம், கடைப் பெயர்ப் பலகை ஏதாவது அதில் விழ வேண்டும். பிறகு இரண்டு நம்பர் பிளேட்டும், அவருடைய லைசென்ஸும். கடைசியாக உங்கள் பம்பரைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இடித்த வண்டியின் நம்பர் பிளேட் போல்ட்டுகள் பிளாஸ்டிக்கில் இரண்டு சின்னக் குழிகளைப் பதித்திருக்கும், அவர் வண்டியின் பெயின்ட் கீற்றாக ஒட்டியிருக்கும். எந்த வண்டி, எந்த உயரத்தில் இடித்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. துடைத்துவிடாதீர்கள். உடையாத பிரேக் லைட் எரிவதைப் பத்து விநாடி வீடியோ எடுத்து வைப்பதும் உதவும். பக்கத்தில் பெட்ரோல் பங்க் இருந்தால் கேமரா பதிவை அன்றைக்கே கேளுங்கள். சில நாளில் அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும்.

அங்கே நின்றபடியே அரசின் எம்பரிவாகன் செயலியில் அவர் வண்டி நம்பரைப் போட்டால், எந்தக் கம்பெனி இன்சூரன்ஸ், எந்தத் தேதி வரை என்று தெரியும். தேதி முடிந்திருந்தால் இரண்டாவது வழியில் உங்கள் எதிரில் நிற்கப்போவது கம்பெனி அல்ல, வண்டியின் சொந்தக்காரர். முடிவெடுக்க இது பெரிய தகவல்.

பிரேக் லைட் வீடியோ எதற்கு என்றால், அன்றைக்கு மன்னிப்புக் கேட்டவர் பிற்பாடு “திடீர்னு பிரேக் போட்டாங்க” என்று மாற்றிச் சொல்வதுண்டு. முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விட வேண்டியது பின்னால் வருபவரின் கடமை. இது 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளிலேயே இருந்தது, அவற்றுக்குப் பதிலாக வந்த 2017 விதிகளிலும் உண்டு. அதற்காக முன்னால் போகிறவர் எப்படியும் தப்பித்துவிடுவார் என்று இல்லை. கோவையில் 2017-இல் நடந்த ஒரு விபத்தில், நெடுஞ்சாலையில் சைகை இல்லாமல் திடீரென நின்ற காரின் மேல் பைக்கில் வந்த மாணவர் மோதி விழ, பின்னால் வந்த பஸ் அவர் மேல் ஏறியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டியவர் மேல் 50 சதவீதமும், பஸ் மேல் 30 சதவீதமும், மாணவர் மேல் 20 சதவீதமும் பொறுப்பை வைத்தது. ஏன் நின்றீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

போலீஸுக்குப் போக வேண்டுமா? யாருக்கும் அடிபடாத சின்னச் சேதத்துக்கு ஓ.டி. வழியில் கம்பெனிகள் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். கேட்பதில்லை. தேர்ட் பார்ட்டி வழியில் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் வழக்கு நிற்பது கஷ்டம். ஸ்டேஷனில் குறைந்தது புகார் மனு கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள். கழுத்து வலியை அலட்சியப்படுத்த வேண்டாம். பின்னாலிருந்து இடிபடும்போது தலை பின்னே போய் முன்னே வெட்டி வருகிறது, வலி அன்றைக்குத் தெரியாமல் மறுநாள் காலையில் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் “வாகன விபத்து” என்று தெளிவாகச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த ஏ.ஆர். காப்பி இல்லையென்றால், வலிக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பைப் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

இனி ஒர்க்‌ஷாப். அங்கே பலரும் செய்கிற தப்பு ஒன்று. “எஃப்.ஐ.ஆர். அது இதுன்னு இழுக்கும் சார், ரிவர்ஸ் எடுக்கும்போது தூண்ல இடிச்சுட்டோம்னு போட்டுக்கலாம்” என்று அட்வைசர் சொல்வார். சம்மதிக்கவே கூடாது. பம்பரில் இன்னொரு வண்டியின் பெயின்ட் இருக்கிறது, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்ப்பார். பொய்த் தகவல் என்று க்ளெய்மை மறுக்க அது ஒன்றே போதும். மறுக்காவிட்டாலும், தூணில் இடித்தேன் என்று கையெழுத்துப் போட்ட பின் இடித்தவர்மேல் வழக்குப் போட வாய் இருக்காது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், நின்றிருந்ததா ஓடிக்கொண்டிருந்ததா, எதிர் வண்டியின் நம்பர். உங்கள் வண்டி சும்மா நின்றிருந்தாலும் ஸ்டீயரிங்கில் இருந்தவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா என்று கம்பெனி பார்க்கும்.

பின்பக்க இடியின் சூழ்ச்சி, சேதம் வெளியே தெரியாது என்பதுதான். பிளாஸ்டிக் பம்பர் அமுங்கிவிட்டு மறுபடி பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கீறல் மட்டும்தான் என்று தோன்றும். உள்ளே இருக்கும் குறுக்கு இரும்பு வளைந்திருக்கும், பம்பரைப் பிடிக்கும் கிளிப்புகள் ஒடிந்திருக்கும், ஸ்பேர் டயர் குழியின் தகடு மடிந்திருக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: டிக்கி கதவை மூடி, இரண்டு பக்கமும் இடைவெளியில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் நெருக்கமாக இருந்தால் பின் பேனல் நகர்ந்திருக்கிறது. டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் இருந்தால் அதன் பிராக்கெட்டைச் சோதிக்காமல் வண்டியை எடுக்கவே கூடாது. பிரித்த பிறகு புதுச் சேதம் தெரிந்தால், வேலையை நிறுத்திவிட்டு கூடுதல் எஸ்டிமேட் அனுப்பி, சர்வேயர் மறுபடி பார்த்த பின்தான் தொட வேண்டும். அவர் பார்க்காமல் மாற்றிய பாகத்துக்குப் பணம் வராது.

இப்போது கணக்கு. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: 3 முதல் 4 வருட வண்டிக்கு 25 சதவீதம், 4 முதல் 5 வருடத்துக்கு 35, 5 முதல் 10 வருடத்துக்கு 40. பெயின்ட் பில்லில் கால்வாசியை மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். இதற்கு மேல், ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000.

மூன்றரை வயது சின்னக் கார் என்று வையுங்கள். பம்பர் 6,000, டெயில் லாம்ப் 4,000, டிக்கி கதவு 14,000, பெயின்ட் 12,000, கூலி 5,000. மொத்தம் 41,000. கழிவு: பம்பரில் 3,000, லாம்ப்பில் 2,000, கதவில் 3,500, பெயின்ட்டில் 1,500, கட்டாயக் கழிவு 1,000. உங்கள் கையிலிருந்து 11,000 போகும், கம்பெனி 30,000 தரும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் எடுத்திருந்தால் தேய்மானம் போகாது, கட்டாயக் கழிவு மட்டும் போகும்.

இன்னொரு செலவு உண்டு, அது பில்லில் வராது. க்ளெய்ம் போடாத வருடங்களுக்காக ஓ.டி. பிரீமியத்தில் தரும் தள்ளுபடிதான் நோ க்ளெய்ம் போனஸ். அதில் 45 சதவீதத்தில் இருப்பவர் அடுத்த புதுப்பித்தலில் 50-க்குப் போயிருப்பார். க்ளெய்ம் போட்டால் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி வர வேண்டும். போனஸுக்கு முந்தைய ஓ.டி. பிரீமியம் 9,000 என்றும் அது மாறவில்லை என்றும் வைத்தால், அந்த ஐந்து வருடத்தில் இழப்பது 11,250 ரூபாய். பம்பர், லாம்ப், 6,000-க்குப் பெயின்ட், 2,000 கூலி என்று 18,000 ரூபாய் பில்லாக இருந்தால் கம்பெனி தருவது 11,250. போனஸில் போவதும் அதே 11,250. போனஸைக் காக்கும் ஆட்-ஆன் இல்லாதவர் இந்த அளவு சேதத்துக்கு ஓ.டி. க்ளெய்ம் போடுவதில் ஒரு ரூபாய் லாபமில்லை. இடித்தவரிடம் நேரடியாகக் கேட்டு வாங்குவதே சரி. ரோட்டிலேயே நீட்டும் இரண்டாயிரத்தை வாங்கிவிடாதீர்கள். பம்பரைக் கழற்றிப் பார்த்து எஸ்டிமேட் வந்த பிறகு தொகை பேசுங்கள், பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள்.

ஓ.டி. க்ளெய்ம் போடப்போகிறீர்கள் என்றால் ஸ்டேஷனில் சமரசக் கடிதம் எழுதும் முன் யோசியுங்கள். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற ஒரு வரி, உங்களுக்குக் கொடுத்த பணத்தை இடித்தவரிடமிருந்து மீட்கும் கம்பெனியின் உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறது. அதைக் காட்டியே க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு இடம் உண்டு.

பின்னால் இடித்த வேகத்தில் உங்கள் கார் முன்னால் நின்றதைப் போய் இடித்திருந்தால், முன்சேதம், பின்சேதம் இரண்டையும் ஒரே விபத்து என்று ஒரே படிவத்தில் எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால் இரண்டு க்ளெய்ம், இரண்டு கட்டாயக் கழிவு.

காயம் இருந்தாலோ சேதம் பெரிதானாலோ தீர்ப்பாயம்தான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166-இன்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் என்று இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். தேர்ட் பார்ட்டி சொத்துச் சேதத்துக்குக் கார் பாலிசியில் வழக்கமான வரம்பு 7.5 லட்சம், டூவீலரில் 1 லட்சம். ஓ.டி.யில் வாங்கிய பணத்தை இங்கே மறுபடி கேட்க முடியாது. கையை விட்டுப் போன தேய்மானம், கட்டாயக் கழிவு, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களின் டாக்சிச் செலவு இவற்றைக் கேட்கலாம். பில் எல்லாவற்றையும் வைத்திருங்கள். ஓ.டி. க்ளெய்ம் போடாமல் இந்த வழியில் மட்டும் போனால் உங்கள் போனஸுக்குச் சேதமில்லை.

உங்கள் சொந்தக் கம்பெனியே காரணமில்லாமல் வெட்டினால், சர்வே அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகத்துக்கு எத்தனை சதவீதம் கழித்தார்கள் என்று வரிவரியாக அதில் இருக்கும். உலோகப் பாகத்தைப் பிளாஸ்டிக் கணக்கில் போட்டு 50 சதவீதம் கழித்திருப்பது போன்ற தவறுகள் அங்கேதான் பிடிபடும். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், பாலிசிதாரர் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இடித்தவரின் கம்பெனிமேல் அங்கே புகார் எடுபடாது.