நியூயார்க் பார் தேர்வுக்குத் தனி ஆசிரியரைத் தேடியபோது

நியூயார்க் மாநிலத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய எழுத வேண்டிய பார் தேர்வில் 400க்கு 266 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. ஜூலை மாதம் நான் எழுதிய தேர்வின் முடிவு அக்டோபர் இறுதியில் வந்தபோது என் மதிப்பெண் 258 ஆக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, நியூயார்க்கில் சட்ட முதுநிலைப் படிப்பை முடித்து, மாணவர் விசாவின் பேரில் கிடைக்கும் ஓராண்டு வேலை அனுமதியில் ஒரு அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஓராண்டுக்குள் மறுபடியும் எழுதக் கிடைப்பது பிப்ரவரித் தேர்வு ஒன்றுதான். ஆகவே அதற்குத் தனி ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். இந்தியாவில் சட்டம் படித்துவிட்டு இங்கே வரும் தம்பி தங்கைகள் பலர் இதே கேள்வியோடு என்னிடம் வருவதால், அந்தத் தேடல் எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆசிரியரைத் தேடுவதற்கு முன்பு, எதற்காகத் தேடுகிறோம் என்பதை மதிப்பெண் அறிக்கையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தேர்வு இரண்டு நாள் நடக்கிறது. ஒரு நாள் முழுவதும் எழுத்துத் தேர்வு. அதில் அரை மணி நேரத்துக்கு ஒன்றாக ஆறு கட்டுரை வினாக்களும், ஒன்றரை மணி நேரம் வீதம், வழக்குக் கோப்பைக் கொடுத்து ஆவணம் வரையச் சொல்லும் இரண்டு செயல்முறை வினாக்களும் உண்டு. மறுநாள் எம்.பி.இ. எனப்படும் 200 கொள்குறி வினாக்கள். மொத்த மதிப்பெண்ணில் கொள்குறி வினாக்களுக்குப் பாதியும், கட்டுரைகளுக்கு 30 விழுக்காடும், செயல்முறை வினாக்களுக்கு 20 விழுக்காடும் போகின்றன. ஆக, ஒவ்வொரு பாதியிலும் 133 எடுத்தால் கரையேறிவிடலாம். எனக்குக் கொள்குறிப் பகுதியில் 137 வந்திருந்தது; எழுத்துப் பகுதியில் 121. சட்டம் தெரியாமல் 137 வராது. தெரிந்த சட்டத்தைத் தாளில் மதிப்பெண்ணாக மாற்றத் தெரிந்த ஒருவர்தான் எனக்கு வேண்டும் என்பது இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. இதே அறிக்கை தலைகீழாக வந்திருந்தால் நான் ஆசிரியரைத் தேடியிருக்கவே மாட்டேன். பழைய எம்.பி.இ. வினாக்களை முறையாக உரிமம் பெற்றுத் தரும் வினா வங்கி ஒன்றுக்குச் சந்தா கட்டி, தினமும் உட்கார்ந்து விடையளித்துக்கொண்டிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

பெயர்களைத் திரட்டுவது கடினமாக இல்லை. நான் படித்த சட்டப் பள்ளியின் தேர்வு உதவிப் பிரிவு, எனக்கு முன் எழுதிய முதுநிலை மாணவர்கள், நியூயார்க் தெற்காசிய வழக்கறிஞர் சங்கக் கூட்டமொன்றில் அறிமுகமானவர்கள் என்று மூன்று திசைகளிலிருந்தும் பெயர்கள் வந்தன. சட்டப் பள்ளியின் உதவிப் பிரிவை நம்மவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. அது அமெரிக்க மாணவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். பள்ளிக்குப் பள்ளி விதி மாறும் என்றாலும், படிப்பை முடித்துச் சென்றவர்களுக்கும் கட்டணமின்றி ஓரிரு கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் இடங்கள் உண்டு. காசு கொடுத்து ஆள் தேடுவதற்கு முன் அங்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்ப்பதில் நட்டமில்லை.

பெயர்கள் கிடைத்த பிறகு, அவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் உண்மையான வேலை. கட்டணத்தைப் பொறுத்தவரை எனக்குச் சொல்லப்பட்டவை மணிக்கு 100 டாலருக்குக் கீழிருந்து 300 டாலருக்கு மேல் வரை இருந்தன. கூடுதல் கட்டணம் கேட்டவர் கூடுதலாகக் கற்றுத் தருவார் என்று சொல்ல எந்த ஆதாரமும் எனக்குத் தென்படவில்லை. பெரிய பயிற்சி நிறுவனம் ஒன்றில் என்னோடு பேசியவர் ஆசிரியரே அல்லர். விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவர். எனக்குக் கற்பிக்கப் போகிறவர் யார், ஒரே பருவத்தில் எத்தனை மாணவர்களைப் பார்க்கிறார் என்று கேட்டதற்கு, முழுத் தொகையையும் கட்டிய பிறகுதான் ஆசிரியர் ஒதுக்கப்படுவார் என்ற பதில் வந்தது. இன்னொருவர், முந்தைய ஆண்டு மிக உயர்ந்த மதிப்பெண்ணுடன் தேறிய இளைஞர், கட்டணமும் குறைவு. அவருடைய அறிவில் எனக்கு ஐயமில்லை. ஆனால், எதைக் கேட்டாலும் "இது வெளிப்படையாகத் தெரிகிறதே" என்பதற்கு மேல் அவரிடமிருந்து விளக்கம் வரவில்லை. தானாக வந்த திறமையைப் பிறருக்குப் பிரித்துக் காட்டுவது தனித் திறமை. அது அவருக்கு இன்னும் கைவரவில்லை. மூன்றாமவர், தான் முன்பு விடைத்தாள் திருத்தியவர் என்றும் தேர்ச்சிக்குத் தானே உத்தரவாதம் என்றும் சொன்னார். உத்தரவாதத்தின் நிபந்தனைகளை எழுத்தில் கேட்டபோது, தேர்ச்சி பெறாவிட்டால் பணம் திரும்ப வராது, அடுத்த முறைக்கு அதே வகுப்பை இலவசமாகக் கேட்கலாம் என்பதுதான் அதன் பொருள் என்று தெரிந்தது.

நியூயார்க்கில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர் யாராக இருந்தாலும், மாநில நீதிமன்ற நிர்வாகத்தின் வழக்கறிஞர் தேடல் பக்கத்தில் பெயரைக் கொடுத்தால் பதிவான ஆண்டும் தற்போதைய நிலையும் தெரிந்துவிடும். பேசத் தொடங்குவதற்கு முன்பு ஒவ்வொரு பெயரையும் நான் அங்கே தேடிப் பார்த்தேன். ஆசிரியராக இருக்க வழக்கறிஞராகப் பதிவு பெற்றிருப்பது கட்டாயமில்லை. ஆனால் பதிவு பெற்றதாகச் சொல்லிக்கொள்பவர் பதிவு பெற்றிருப்பது கட்டாயம் அல்லவா? அதேபோல், சென்ற தேர்வில் வந்த எம்.பி.இ. வினாக்கள் தன்னிடம் இருப்பதாக யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. அவ்வினாக்களை வெளியே சொல்வதற்குத் தேர்வர்களுக்கே தடை இருக்கிறது. ஒழுக்கத்தையும் தகுதியையும் தனியாக ஆராய்ந்த பின்பே பதிவு வழங்கும் ஒரு தொழிலுக்குள் நுழையும்போது, அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

கடைசியில் நான் அமர்த்திக்கொண்ட அம்மையார், சட்டப் பள்ளி ஒன்றின் தேர்வு உதவிப் பிரிவில் நீண்ட காலம் இருந்து, பிறகு தனியாகக் கற்பிக்கத் தொடங்கியவர். கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அவர் இரண்டு பொருள்களைக் கேட்டார்: என் மதிப்பெண் அறிக்கை, தேர்வில் நான் எழுதிய கட்டுரைகளின் நகல். தேர்ச்சி பெறாதவர்கள் தங்கள் விடைகளின் நகலைத் தேர்வு வாரியத்திடம் கட்டணம் கட்டிப் பெற்றுக்கொள்ள முடியும். நான் அதற்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தேன். நகல் வந்து சேரும் வரை காத்திருக்காமல், வாரியம் தன் இணையதளத்தில் வெளியிட்டுள்ள பழைய கட்டுரை வினாக்களில் ஒன்றை அரை மணி நேரத்தில் எழுதி அனுப்பச் சொன்னார். எழுதி அனுப்பினேன்.

சாட்சியச் சட்ட வினா அது. குத்துப்பட்ட ஒருவர் மருத்துவமனையில், தன்னைக் குத்தியது இன்னார் என்று சொல்கிறார். சில நாள் கழித்து இறந்துவிடுகிறார். அவர் சொன்னது சாட்சியமாக ஏற்கத்தக்கதா என்பது கேள்வியின் ஒரு பகுதி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சாட்சிய விதிகளில், மரண வாக்குமூலமாக ஏற்க வேண்டுமானால், சொன்னவர் தனக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று நம்பிய நிலையில் சொல்லியிருக்க வேண்டும். இந்தியாவில் அப்படியில்லை. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 32(1) பிரிவிலும், இப்போது அதன் இடத்தில் வந்துள்ள புதிய சட்டத்திலும், சொன்னவர் சாவை எதிர்பார்த்தாரா இல்லையா என்பது பொருட்டே அல்ல. வினாவில், ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மருத்துவர் அவரிடம் சொன்னதாக ஒரு வரி இருந்தது. என் விடையில் அமெரிக்க விதி பிசகின்றி இருந்தது. பின்னணி, விதிவிலக்கு, சாட்சியை எதிர்கொள்ளும் அரசியலமைப்பு உரிமை எல்லாம் இருந்தன. மருத்துவர் சொன்ன அந்த வரி மட்டும் எங்கும் இல்லை.

அம்மையார் என் விடையில் ஒரு திருத்தமும் செய்யவில்லை. வினாத்தாளை எடுத்து, என் விடையில் இடம்பெறாத விவரங்களை மட்டும் மஞ்சள் நிறத்தில் அடையாளமிட்டு அனுப்பியிருந்தார். பாதிப் பக்கம் மஞ்சளாக இருந்தது. கீழே ஒரு குறிப்பு: வினா எழுதுபவர் காரணமின்றி ஒரு விவரத்தையும் வைப்பதில்லை, ஒவ்வொன்றும் ஒரு மதிப்பெண்ணுக்கான இடம். சென்னையில் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பிரிவு எண்ணும் வழக்கின் பெயரும் எழுதிப் பழகிய கை, விவரங்களைத் தாண்டித் தாண்டித்தான் ஓடுகிறது. நம் சட்டப்படி முக்கியமில்லாத விவரத்தின் மேல் கண் நிற்பதே இல்லை. இதை ஒரே ஒரு தாளை வைத்து எனக்குக் காட்டியவருக்கு நான் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டேன். தனி ஆசிரியரைத் தேடும் எவருக்கும் நான் சொல்லக்கூடிய ஒரே சோதனை இதுதான்: பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் எழுதிய ஒரு விடையை அவர் எப்படிப் படிக்கிறார் என்று பாருங்கள். அந்த ஒரு விடைக்குத் தனியாகக் கட்டணம் கேட்டாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டோம். முழுத் தொகை முன்பணம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நடந்த வகுப்புகளுக்கும் திருத்திய விடைகளுக்கும் மட்டும் பணம். அனுப்பிய விடை 48 மணி நேரத்துக்குள் திருத்தித் திரும்ப வேண்டும். ஒரு நாள் முன்பே சொன்னால் வகுப்பை மாற்றிக்கொள்ளலாம். எத்தனை விடைகளைத் திருத்துவார் என்பதை எண்ணிக்கையாகவே குறிப்பிட்டுக்கொண்டோம். பேசும் நேரத்தைவிட எழுதியதைத் திருத்தும் நேரமே எனக்குப் பயன் என்பதால், வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும் மீதிப் பணத்துக்குத் திருத்தமும் என்று பிரித்துக்கொண்டது நல்ல ஏற்பாடாக அமைந்தது. அவரை "மேடம்" என்று அழைப்பதை விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. சீனியர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து பழகியவனுக்கு அது எளிதல்ல.

அவர் போட்ட பயிற்சி முறை எளிமையானது. கட்டுரைக்கான அரை மணி நேரத்தில் முதல் பத்து நிமிடம் தட்டச்சு செய்யவே கூடாது. வினாவிலுள்ள ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே அது எந்தக் கேள்விக்கு உதவுகிறது என்று ஒரு சொல் குறித்துவிட்டு, அதன் பிறகுதான் எழுத வேண்டும். சட்ட விதி இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. அதைப் பொருத்திக் காட்டும் பகுதி அதைவிட நீளமாக இருந்தாக வேண்டும். காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் வருகிற வினாக்களை அவர் எனக்கென்றே பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். இந்தியாவில் அது குற்றவாளிக்கு எதிராகப் பயன்படாது என்று ஒரே மூச்சில் தள்ளிவிடுவோம். இங்கேயோ, பேசாமல் இருக்க உரிமை உண்டு என்ற எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா, காவலில் இருந்தாரா, விசாரணை நடந்ததா, தானாக முன்வந்து சொன்னாரா என்று படிப்படியாக இறங்க வேண்டும். கடந்த கால மறுபயன், அதாவது ஏற்கெனவே செய்து முடித்த ஒன்றுக்கு ஈடாகப் பின்னர் தரும் வாக்குறுதி, பற்றிய ஒப்பந்த வினாக்களும் அதே வகைதான். நம் 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொள்வதை அமெரிக்கப் பொதுச் சட்டம் ஏற்பதில்லை. இரு நாட்டுச் சட்டமும் எங்கே பிரிகின்றன என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது; நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் சரியாக அந்த இடங்களிலிருந்தே வினா கொண்டுவருவார். இந்தியச் சட்டம் தெரிந்த ஆசிரியரைத்தான் தேட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

செயல்முறை வினாக்கள், நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உண்மையில் கைகொடுக்க வேண்டியவை. வழக்குக் கோப்பும் அதற்கு வேண்டிய சட்டமும் தாளிலேயே தரப்படுகின்றன. மனப்பாடம் எதுவும் இல்லை. சட்டக் குறிப்புரையோ வாதுரையோ வரைந்து கொடுத்தால் போதும். என் வரைவுகளில் "மிகவும் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்" என்கிற நம் மனு நடை ஆங்கிலத்தில் பத்திக்குப் பத்தி தலைகாட்டியதை அவர் கோடிட்டு நீக்கிக்கொண்டே வந்தார். அது போனதும் ஒவ்வொரு வரைவிலும் கணிசமான நேரம் மிச்சமானது. பல ஆசிரியர்கள் இந்தப் பகுதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண் இதற்கு உண்டு என்பதால், முதல் பேச்சிலேயே இதற்கு வாரந்தோறும் இடமுண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தேர்வுக்கு முந்தைய வாரம் அவர் வகுப்பு எடுக்க மறுத்துவிட்டார். புதிதாக எதையும் சொல்லித் தர அது நேரமல்ல என்றும், அந்தப் பணத்தில் தேர்வு மையத்துக்கு அருகில் அறை எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார். ஏப்ரல் இறுதியில் முடிவு வந்தது, தேறிவிட்டேன். கொள்குறிப் பகுதியில் மதிப்பெண் ஏறக்குறைய பழையபடியே இருந்தது. ஏறியதெல்லாம் எழுத்துப் பகுதியில்தான்.

இப்போது தேடுபவர்கள் முதல் பேச்சிலேயே கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் இருக்கிறது. நெக்ஸ்ட்ஜென் எனப்படும் புதிய வடிவத் தேர்வு 2026 ஜூலையில் சில மாநிலங்களில் தொடங்குகிறது. நியூயார்க் 2028 ஜூலையில் அதற்கு மாறுவதாக அறிவித்துள்ளது. அது ஒன்றரை நாள் தேர்வு. வினாக்களின் அமைப்பும் வேறு. எந்த மாநிலத்தில், எந்தப் பருவத்தில் எழுதப் போகிறீர்கள் என்று உங்களிடம் கேட்காமலேயே கட்டணத்தைச் சொல்பவரிடம், அவர் கையிலிருக்கும் பயிற்சித் தாள்கள் எந்தத் தேர்வுக்கு உரியவை என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.