வீடு பூட்டியிருந்தது

வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்) நடந்து, 2025 டிசம்பர் 19ஆம் தேதி வரைவு வாக்காளர் பட்டியல் வெளியான அன்று மாலை பார்த்தபோது, எங்கள் வீட்டில் வாக்குரிமை உள்ள ஆறு பேரில் தம்பியின் பெயர் மட்டுமே அதில் இருந்தது. அம்மா, சித்தப்பா, என் கணவர், தம்பி மனைவி, நான் ஆகிய ஐவரும் இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், கண்டறிய இயலாதவர்கள் என்று தனியே ஒட்டப்பட்டிருந்த பட்டியலில் இருந்தோம். தமிழகம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். அதில் இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் நிறையவே இருந்திருக்கும். ஆனால் நாங்கள் அன்று இரவும் அதே வீட்டில்தான் சோறு உண்டுகொண்டிருந்தோம்.

எங்கள் குடியிருப்பு பாலாற்றுக்கு வடக்கே, விருதம்பட்டுக்கும் கழிஞ்சூருக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளில் ஒன்றின் ஓரத்தில், பழைய ஊர்த்தெருக்கள் முடிந்த இடத்தில், வேலைக்காக வந்தவர்கள் மனை வாங்கியும் வாடகைக்கும் குடியேறி உருவான இடம் அது. ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் போகிறவர்கள், சித்தூரிலிருந்து வந்து கட்டட வேலை செய்கிறவர்கள், வீட்டில் பீடி சுற்றும் பெண்கள், எங்களைப் போல நீலகிரியிலிருந்து இறங்கி வந்த 'சிலோன்காரர்கள்' என்று பலரும் இங்கே இருக்கிறோம். பின்வரிசை ஓட்டு வீடுகளில் பீகார் இளைஞர்கள் எட்டுப் பேர் தங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய வாக்கு ஊரில் இருக்கிறதா, போய்விட்டதா என்பது அவர்களுக்கே தெரியாது.

காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் வரும். திரும்புவதற்கு மாலை ஏழாகும். நவம்பர் 4 முதல் கணக்கெடுப்புப் படிவம் கொடுக்க வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். அவர் தம் வேலையை முடித்துக்கொண்டு பிற்பகலில்தான் தெருத்தெருவாகப் போக முடியும். மூன்று முறை வர வேண்டும் என்பது விதி; அவர் மூன்று முறையும் வந்திருக்கிறார் என்று எதிர்வீட்டுப் பாட்டி சாட்சி சொல்கிறார். வந்த மூன்று முறையும் எங்கள் வீடு பூட்டியிருந்தது. அம்மாவும் அந்த மாதம் பேறுகாலம் பார்க்க அத்தை மகள் வீட்டுக்குப் போயிருந்தார். தம்பியின் பெயர் எப்படித் தப்பித்தது என்றால், அவனுடைய பெயர் மட்டும் வேறொரு பாகத்தில், அதாவது வேறொரு வாக்குச்சாவடிக்கான பட்டியலில், இருந்தது. அந்தப் பாகத்தின் அலுவலர் பள்ளி ஆசிரியர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் உண்கிறவர்கள் இரண்டு பாகங்களில் ஏன் இருக்க வேண்டும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

என் பக்கமும் தவறு இருக்கிறது. படிவம் எப்படியும் வந்துவிடும் என்று இருந்தேன். கடைசித் தேதியை டிசம்பர் 4இலிருந்து 11க்கும், பிறகு 14க்கும் தள்ளிவைத்தது என் அலட்சியத்துக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. ஏற்றுமதி ஆர்டருக்காக ஓவர்டைம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

விடுபட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட வழி, பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6உடன் உறுதிமொழிப் படிவத்தையும் சேர்த்துக் கொடுப்பது. அந்த உறுதிமொழியில்தான் சிக்கல் இருந்தது. 2002, 2005ஆம் ஆண்டுகளில் தீவிரத் திருத்தம் செய்து வெளியிட்ட பழைய பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோரின் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஆவணம் தேவை: 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவருக்குத் தம்முடையது மட்டும் போதும், அதற்குப் பின் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவருடையதும் வேண்டும், அதற்கும் பின் பிறந்தவருக்கு இருவருடையதும் வேண்டும். பிறந்த ஊரிலேயே வாழ்ந்து அதே பள்ளிக்கூடத்தில் வாக்களித்து வந்த குடும்பத்துக்கு இது ஐந்து நிமிட வேலை. 2002இல் நாங்கள் கோத்தகிரிப் பக்கத்தில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம் ஒன்றின் குடியிருப்பில் இருந்தோம். 2007இல்தான் வேலூருக்கு வந்தோம்.

பழைய பட்டியல் இணையத்தில் பக்கம் பக்கமாகப் படமாக இருந்தது. பெயரைக் கொடுத்துத் தேடினால் அம்மா கிடைக்கவில்லை. மூன்று இரவுகள், மகன் தூங்கிய பிறகு, கைப்பேசித் திரையைப் பெரிதாக்கி ஒவ்வொரு பாகமாகப் படித்தேன். கதவு எண் என்ற இடத்தில், தோட்டத்து வரிசை வீடுகளைக் குறிக்கும் 'லைன்' என்று இருந்த பக்கங்கள் வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பக்கத்து வீட்டார், தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டவர்கள், இறந்துபோன அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளிகள் எல்லோரும் வயதோடும் கணவர் பெயரோடும் வரிசையாக நின்றார்கள். அம்மாவும் அங்கே இருந்தார். அவர் பெயரின் கடைசியில் இருக்க வேண்டிய 'ள்' இல்லை. அப்பாவின் தலைப்பெழுத்தும் இல்லை. கணினியால் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம் அந்த ஓர் எழுத்துதான்.

ஜனவரியில் விசாரணைக்கு அழைத்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்த அலுவலர் அந்த 'ள்' விஷயத்தைச் சுட்டிக்காட்டி, "இது உங்க அம்மாதான்னு எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டார். அம்மா பையிலிருந்து பழைய கடவுச்சீட்டை எடுத்து நீட்டினார். அதில் கண்டி முத்திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "கேம்ப் ஆளுங்களா? அவங்களுக்கு ஓட்டுக் கிடையாதே" என்றார்.

மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பதால் இந்தப் பக்கத்தில் இலங்கை என்றாலே முகாம்தான் நினைவுக்கு வருகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. முகாமில் இருப்பவர்கள் 1983க்குப் பிறகு போருக்கு அஞ்சி வந்தவர்கள். முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. அது தனியே எழுத வேண்டிய கொடுமை. நாங்கள் 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டவர்கள். இந்தியா 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக அதில் எழுதப்பட்டது. தாத்தா இந்தியக் குடிமகனாகப் பதிவான பிறகுதான் கப்பல் ஏறினார்.

இதை நான் விளக்கத் தொடங்கும் முன்பே அம்மா அந்தக் கடவுச்சீட்டைத் திருப்பி, அட்டையில் மங்கிப்போயிருந்த மூன்று தலைச் சிங்கத்தின் மேல் விரலை வைத்தார். "இது நம்ம நாட்டுச் சிங்கம் சார். அந்த நாட்டுச் சிங்கம் கையிலே வாள் வச்சிருக்கும்" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது சிங்கம் அல்ல, கப்பலில் வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் 1973இல் கொடுத்த குடும்ப அட்டை. தாத்தா பெயருக்குக் கீழே ஐந்தாவது வரியில் அம்மா பெயர், வயது 11 என்று இருந்தது; 'ள்'ளும் இருந்தது. ஏற்கப்படும் ஆவணங்களின் பட்டியலில், 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் அரசோ உள்ளாட்சி அமைப்போ வங்கியோ அஞ்சலகமோ வழங்கிய எந்த அடையாள அட்டையும் செல்லும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அச்செடுத்து அடிக்கோடிட்டுக் கொண்டுபோயிருந்தேன். அலுவலர் இருமுறை படித்துவிட்டு, அட்டையைப் படமெடுத்துக்கொண்டு கையெழுத்திட்டார். தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்தவர்கள் இதைப் படித்தால், வீட்டுப் பரணில் அந்த அட்டை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கடவுச்சீட்டைக் காட்டுவதற்கு முன் அதைக் காட்டுங்கள். என் வேலை எளிதாகவே முடிந்தது. 1984இல் கோத்தகிரியில் பிறந்த எனக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழே போதுமாக இருந்தது. என் கணவருடையதைத் தவிர மற்றவர்களுடைய படிவங்களை ஏற்க ஒரு வாரம் ஆயிற்று.

இந்த அலைச்சலின் நடுவில்தான் எனக்கு வேறொன்று தெரியவந்தது. வரைவுப் பட்டியல் வெளியாவதற்கு முன், 'கண்டறிய இயலாதவர்' பட்டியலை ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் அரசியல் கட்சிகளின் முகவர்களுக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எங்கள் பாகத்தின் முகவர்களில் ஒருவரை நேரில் போய்ப் பார்த்தேன். பழைய ஊர்த்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர், நல்ல மனிதர். "எங்க தெரு ஆளுங்க பேரு ஒண்ணுகூட விடலம்மா, நானே முப்பது படிவம் நிரப்பிக் கொடுத்தேன். உங்க பக்கம் எனக்கு யாரைத் தெரியும்?" என்றார். ஒரு முகவர் ஒரு நாளில் 50 படிவங்கள் வரை வாங்கிக் கொடுக்கலாம் என்று தேர்தல் ஆணையம் அனுமதித்திருந்தது. அந்த 50இல் எங்கள் தெருவுக்கு ஒன்றுகூட வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பெயர்களைப் படித்தபோது அவருக்கு எந்த முகமும் நினைவுக்கு வரவில்லை, கையெழுத்திட்டுவிட்டார்.

குடியேறியவர்களுக்குப் பிரதிநிதித்துவம் என்றால் கவுன்சிலர் பதவி, மேயர் பதவி என்றே நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் ஆள் ஒருவரை நிறுத்தலாமா என்று சித்தப்பா டீக்கடையில் பேசிய பேச்சு டீக்கடையோடு நின்றது. அதற்கு முன்பே, எந்தப் பெயர் இருக்கிறது, எந்தப் பெயர் இல்லை என்று சொல்லும் மேசையில் எங்களுக்கு நாற்காலி இல்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. வாக்குகளுக்கு இங்கே மதிப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் காட்பாடித் தொகுதியில் துரைமுருகன் வென்றது 746 வாக்குகள் வித்தியாசத்தில். எங்கள் குடியிருப்பின் நான்கு தெருக்களைச் சேர்த்தால் அதைத் தாண்டும் என்று சித்தப்பா விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். கொஞ்சம் மிகைப்படுத்துவார், என்றாலும் பெரிதாக இல்லை.

சித்தப்பாவின் கோபத்துக்கு வயது அதிகம். 1947இல் இலங்கையில் நடந்த தேர்தலில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த வாக்கைப் பறித்தன. தாத்தா 1947இல் போட்டதுதான் அந்த நாட்டில் அவருடைய முதல் வாக்கும் கடைசி வாக்கும். அடுத்த வாக்கைப் போடக் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் வந்த இறுதிப் பட்டியலில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து பெயர்கள் இருந்தன. என் கணவரின் விண்ணப்பம் முகவரிச் சான்று தெளிவாக இல்லை என்று நின்றுவிட்டது, மறுபடியும் கொடுத்திருக்கிறோம். தம்பி இன்னும் அந்த இன்னொரு பாகத்தில்தான் இருக்கிறான். ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 பேருக்கு மேல் கூடாது என்று பாகங்களைப் பிரித்தபோது அவன் பக்கத்துத் தெருவோடு போய்விட்டானாம். படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

முகவராக இருப்பவர் அதே பாகத்தின் வாக்காளராக இருக்க வேண்டும், ஆள் கிடைக்காவிட்டால் அதே தொகுதியிலிருந்து எடுக்கலாம் என்பது விதி. ஒரு கட்சியின் வட்டச் செயலாளரிடம் போய் எங்கள் தெருவிலிருந்து ஒருவரை எடுங்கள் என்று கேட்டோம். எந்தக் கட்சி என்பதில் வீட்டில் இரண்டு நாள் சண்டை நடந்தது. அதை எழுதினால் சித்தப்பா பேச மாட்டார். கடைசியில் தம்பி மனைவியின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவள் எண்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, பீகார் இளைஞர்களின் அறையையும் விடாமல், கதவு எண்ணும் ஆட்களும் எழுதி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே கடைசியாக ஒரு பத்தி இருக்கிறது. அதில், அந்த வீட்டார் எந்தக் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள், இரவு எத்தனை மணிக்குக் கதவு திறக்கும் என்று குறித்திருக்கிறாள்.